நம்பிக்கையும் நப்பாசையும் – தோற்கும் அணியின் இரசிகர் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனித வாழ்வில் நம்பிக்கை பெறும் இடத்தைப் பற்றிச் சிந்தித்தோர் பெரும்பாலும் பெரிய நிகழ்ச்சிகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டனர். மரணத்தின் முன் நிற்பவனின் நம்பிக்கை, அடிமைப்பட்ட மக்களின் விடுதலை நம்பிக்கை, இறைவனை நாடுவோனின் மறுமை நம்பிக்கை என்பன மெய்யியலாரின் கவனத்தை ஈர்த்த அளவுக்கு அன்றாட வாழ்வின் சிறிய நம்பிக்கைகள் ஈர்க்கவில்லை. ஆயினும் ஒரு பண்பின் இயல்பை அறிவதற்குச் சிறிய நிகழ்ச்சிகள் சில வேளைகளிற் பெரியனவற்றிலும் வசதியானவை. பெரிய நிகழ்ச்சிகளில் துன்பத்தின் பாரம் தீர்ப்பை மறைத்துவிடுகிறது. மரணப்படுக்கையிற் கிடப்பவனிடம் அவனுடைய நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்க எவருக்கும் மனம் வராது. விளையாட்டரங்கில் இருப்பவனிடம் அதைத் தயக்கமின்றிக் கேட்கலாம்.

இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்தில் இவ்வினாவுக்கு இடந்தரும் நிகழ்ச்சி அடிக்கடி நேர்கிறது. ஓர் அணி தொடர்ந்து தோற்கிறது. இரசிகர்கள் முதலிற் சினக்கின்றனர், பின்னர் தம்மைத் தாமே கேலி பேசுகின்றனர், ஈற்றில் மௌனமாகின்றனர். திடீரென ஒரு நாள் அவ்வணி வெல்கிறது. மறுநாட் காலையில் அதே மனிதர் புள்ளிப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை ஆட்டங்கள் உள்ளன, எத்தனை புள்ளிகள் தேவை, தமக்கு மேலேயுள்ள அணி இனி யார் யாரைச் சந்திக்கவேண்டும் என்று கணக்கிடத் தொடங்குகின்றனர். நேற்று வரை அற்றுப்போயிருந்த நம்பிக்கை ஓர் இரவிலேயே முழு உருவத்துடன் எழுந்து நிற்கிறது. இந்நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததா? ஒத்ததன்று எனின், அது வெறும் பேதைமையா? அல்லது பாராட்டத்தக்க பண்பு ஏதேனும் அதனுள் அடங்கியுள்ளதா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஆட்ட அமைப்பைச் சுருக்கமாக நோக்குதல் பயனுடைத்து. பிரீமியர் லீக் எனப்படும் முதற்பிரிவில் 20 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. வெற்றிக்கு 3 புள்ளிகளும் சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கப்படுகின்றன. பருவ முடிவிற் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் அணிகள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுகின்றன. அவ்வாறு தள்ளப்படும் கழகத்தின் வருமானம் சுருங்குகிறது. சிறந்த வீரர்கள் வெளியேறுகின்றனர். கழகத்தை நம்பி வேலைபார்ப்போரின் பிழைப்பும் ஆட்டங்காணுகிறது. எனவே புள்ளிப்பட்டியலின் அடியிலுள்ளோரின் அச்சம் வெறும் மானப் பிரச்சினை அன்று. இங்கு இன்னொன்றும் நோக்கத்தக்கது. 1981 வரை இங்கிலாந்தில் வெற்றிக்கு 2 புள்ளிகளே வழங்கப்பட்டன. அவ்வாண்டில் அது 3 ஆக உயர்த்தப்பட்டபின் ஒரு வெற்றி மூன்று சமநிலைகளுக்கு ஈடாயிற்று. ஒரே நாளிற் பல படிகள் ஏறிவிடலாம் என்ற எண்ணத்துக்கு ஆட்ட விதியே துணைநிற்கிறது என்பது இதனாற் புலனாகும்.

இனி இரு வரலாறுகளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள அண்டை நகரங்களைச் சேர்ந்தவை. இரண்டு கழகங்களும் ஒரே ஆண்டில், 1884இல், தோன்றியவை.

முதலாவது டேர்பி கவுண்டி. 1888இற் கூடி லீக் போட்டியைத் தொடங்கிய பன்னிரு கழகங்களில் ஒன்று அது. 1972இலும் 1975இலும் இங்கிலாந்தின் முதற்பிரிவில் முதலிடம் பெற்ற பெருமையும் அதற்குண்டு. அவ்வணி 2007இற் கீழ்ப்பிரிவிலிருந்து பிரீமியர் லீக்குக்கு மீண்டது. மீண்ட பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் அதற்குக் கிடைத்தது ஒரேயொரு புள்ளி. ஐந்தாவது ஆட்டத்தில் லிவர்பூலிடம் 6–0 எனத் தோற்றது. ஆறாவது ஆட்டம் 2007 செப்ரெம்பர் 17ஆந் திகதி, நியூகாசில் யுனைற்றெட் அணியுடன், சொந்த மைதானத்தில் நடைபெற்றது. புதிதாக வந்து சேர்ந்த கென்னி மில்லர் என்னும் வீரர் தம் முதல் ஆட்டத்திலேயே தூரத்திலிருந்து பந்தை உதைத்துக் கோல் போட்டார். டேர்பி 1–0 என வென்றது. அன்றிரவு அந்நகரத்து இரசிகர்கள் எவ்வாறு வீடு திரும்பியிருப்பர் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. இன்னும் 32 ஆட்டங்கள் எஞ்சியிருந்தன; பருவம் அப்பொழுதுதான் தொடங்கியிருந்தது.

அந்த 32 ஆட்டங்களில் ஒன்றிலேனும் டேர்பி வெல்லவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே ஆர்சனலிடம் 5–0 எனத் தோற்றது. நவம்பரில் முகாமையாளர் மாறினார், தோல்வி மாறவில்லை. 2008 மார்ச் 29ஆந் திகதி, ஆறு ஆட்டங்கள் எஞ்சியிருக்கையிலேயே, அவ்வணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுவது உறுதியாயிற்று. பருவ முடிவில் 1 வெற்றி, 8 சமநிலைகள், 29 தோல்விகள். பெற்ற புள்ளிகள் 11. அதுவரை பிரீமியர் லீக்கில் எந்த அணியும் அத்துணைக் குறைந்த புள்ளிகளைப் பெற்றதில்லை. லீக் ஆட்டமொன்றில் மறுபடியும் வெற்றி காண அவ்வணிக்கு ஏறத்தாழ ஓராண்டு சென்றது.

இரண்டாவது லெஸ்ரர் சிற்றி. 2014இற் பிரீமியர் லீக்குக்கு மீண்ட இவ்வணி அவ்வாண்டு செப்ரெம்பர் 21ஆந் திகதி மான்செஸ்ரர் யுனைற்றெட்டை 5–3 என வென்றது. 3–1 எனப் பின்தங்கியிருந்து பெற்ற வெற்றி அது. அன்று பிறந்த நம்பிக்கையின் அளவைச் சொல்லவேண்டியதில்லை. ஆயின் அதன்பின் 13 லீக் ஆட்டங்களில் அவ்வணி ஒன்றிலும் வெல்லவில்லை. நத்தாருக்குப் பட்டியலின் அடியில் நின்றது. 29 ஆட்டங்கள் முடிந்தபொழுது அதன் புள்ளிகள் 19. பாதுகாப்பான இடத்துக்கு 7 புள்ளிகள் தூரம். பிரீமியர் லீக் தொடங்கிய 1992 தொட்டு அதுவரை, நத்தார் நாளில் அடியில் நின்று பின் தப்பிய அணிகள் இரண்டே. இந்நிலையில் 2015 ஏப்ரல் 4ஆந் திகதி வெஸ்ற் ஹாம் அணியை லெஸ்ரர் 2–1 என வென்றது. வெற்றிக் கோல் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபொழுது கிடைத்தது. மான்செஸ்ரர் யுனைற்றெட்டை வென்றதோடு ஒப்பிடுகையில் இது சாதாரண வெற்றியே. ஆனால் அன்று தொடக்கம் ஈற்றிலிருந்த ஒன்பது ஆட்டங்களில் ஏழில் அவ்வணி வென்று, 41 புள்ளிகளுடன் 14ஆம் இடத்தைப் பெற்றுத் தப்பியது. அடுத்த பருவத்தில், பந்தயக்காரர் ஒன்றுக்கு ஐயாயிரம் எனப் பணயம் விதித்திருந்த நிலையில், முழு லீக்கிலும் முதலிடம் பெற்று உலகை வியப்பில் ஆழ்த்தியது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் இலகுவான ஒரு முடிவுக்கு வரக்கூடும். லெஸ்ரர் இரசிகரின் நம்பிக்கை சரியானது, டேர்பி இரசிகரின் நம்பிக்கை பிழையானது என்பதே அம்முடிவு. இது ஏற்கத்தக்கதன்று. 2007 செப்ரெம்பர் 18ஆந் திகதி காலையில் டேர்பி இரசிகரிடம் இருந்த ஆதாரமும் 2015 ஏப்ரல் 5ஆந் திகதி காலையில் லெஸ்ரர் இரசிகரிடம் இருந்த ஆதாரமும் இயல்பில் ஒன்றே: நீண்ட தோல்விக்குப் பின் ஒரு வெற்றி. காலக் கணக்கைப் பார்த்தால் டேர்பி இரசிகரின் நிலையே மேலானது; அவர்களுக்கு 32 ஆட்டங்கள் இருந்தன, லெஸ்ரருக்கு எட்டே இருந்தன. பின் நிகழ்ந்ததைக் கொண்டு முன் நினைத்ததை எடைபோடுவது, விளைச்சலைப் பார்த்த பின் விதைத்தவனைப் புகழ்வதும் பழிப்பதும் போன்றது. மழை பொய்த்ததற்கு விதைத்தவன் பொறுப்பாளி ஆகான். ஆகவே நம்பிக்கையின் தகுதியை அதன் பயனிலிருந்து வேறாக வைத்தே ஆராய வேண்டும்.

இவ்வாறு வேறாக வைத்து ஆராய்ந்தவர்களில் ஆங்கிலேயக் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான டபிள்யூ. கே. கிளிபோர்ட் முக்கியமானவர். 1877இல் அவர் எழுதிய கட்டுரையொன்றிற் கப்பலுரிமையாளன் ஒருவனின் கதை வருகிறது. அவனுடைய கப்பல் பழையது. அது கடற்பயணத்துக்குத் தகுதியற்றதோ என்ற ஐயம் அவனுக்கு எழுகிறது. பலமுறை போய் வந்த கப்பல்தானே, இம்முறையும் போய்வரும் என்று தன்னைத் தானே தேற்றி, ஐயத்தை அடக்கி, மக்களை ஏற்றி அனுப்பிவிடுகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் குற்றவாளி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கிளிபோர்ட் இதற்கு மேலும் ஒரு படி செல்கிறார். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் அதேயளவு குற்றவாளிதான் என்கிறார் அவர். நம்புவதற்கு உரிமையில்லாத ஒன்றை நம்பியதே குற்றம். விளைவு அதைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டாது.

இவ்வளவுகோலின்படி உதைபந்தாட்ட இரசிகன் தப்புவது கடினம். ஓர் ஆட்டத்திற் போடப்படும் கோல்கள் பெரும்பாலான பருவங்களிற் சராசரி இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடைப்பட்டவை. கோல்கள் இத்துணை அரிதாக விழும் விளையாட்டில், வலிமை குறைந்த அணி ஒருநாள் வெல்வது அதிசயமன்று. கம்பத்திற் பட்டு உள்ளே திரும்பிய ஒரு பந்து, மத்தியஸ்தரின் ஒரு தீர்ப்பு, தூரத்திலிருந்து வந்த ஓர் உதை ஆகியவற்றில் எதுவும் முடிவை மாற்றிவிடும். ஆகவே ஒரு வெற்றி, அணி திருந்திவிட்டது என்பதற்குச் சான்றாவதிலும், அன்று காற்று அப்பக்கம் அடித்தது என்பதற்கே பெரிதும் சான்றாகும். இதை இரசிகன் அறியாதவன் அல்லன். அறிந்தும் நம்புகிறான் எனின், கிளிபோர்ட்டின் கப்பலுரிமையாளனுக்கும் அவனுக்கும் வேறுபாடு யாது?

இவ்வினாவுக்கு விடை காணத் தமிழ்ச் சொற்கள் சிலவற்றை நுணுகி நோக்குதல் துணைபுரியும். 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் தமிழிற் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. 'அணி வெல்லும் என்று நம்புகிறான்' என்பது ஒரு வகை. இது நடக்கப்போவதைப் பற்றிய ஒரு கணிப்பு. மெய்யாகவும் பொய்யாகவும் கூடியது. 'அணியை நம்புகிறான்' என்பது வேறொரு வகை. இங்கு கணிப்புக்கு மேலாக ஓர் உறவு கூறப்படுகிறது. 'அவன் நம்பிக்கை இழக்கவில்லை' என்பது மூன்றாவது வகை. இது எதிர்காலத்தைப் பற்றியும் கூறவில்லை, அணியின் தகுதியைப் பற்றியும் கூறவில்லை. அம்மனிதனின் உள்ளம் நிற்கும் நிலையைக் கூறுகிறது. இவற்றோடு தமிழில் 'எதிர்பார்ப்பு' என்ற சொல்லும் உண்டு, 'நப்பாசை' என்ற சொல்லும் உண்டு. முதலாவது கணக்கின்பாற்பட்டது, இரண்டாவது கணக்கை மறந்த ஆசையைக் குறிப்பது. கடல் வற்றினாற் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்த கொக்கைப் பற்றிய பழமொழி இந்நப்பாசையையே எள்ளுகிறது.

கிளிபோர்ட்டின் கண்டனம் முதல் வகைக்கே முற்றும் பொருந்தும். கப்பலுரிமையாளன் ஒரு கணிப்பைச் செய்தான், அக்கணிப்புக்கு ஆதாரமில்லை, ஆதாரமில்லாமையை அவன் தன்னிடமிருந்தே மறைத்தான். ஓர் இரசிகனும் 'ஒரு வெற்றி வந்துவிட்டது, இனித் தோற்கமாட்டோம்' என்று கூறி அதை உண்மையென்றே கொள்வானாயின் அவனும் அதே தவற்றைச் செய்தவனாவான். ஆனால் புள்ளிப்பட்டியலை முழுமையாக நோக்கி, தப்புவது அரிது என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டு, அதன் பின்னும் 'இன்னும் முடியவில்லை' என்று அடுத்த ஆட்டத்துக்குச் செல்பவன் எந்தக் கணிப்பையும் பொய்யாகச் செய்யவில்லை. அவனிடம் இருப்பது மூன்றாம் வகை நம்பிக்கை. அரிது என்பதும் இயலாதது என்பதும் ஒன்றல்ல. அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வெளியிலேதான் அவன் நிற்கிறான். அவ்வெளி எவ்வளவு சிறியதாயினும் உண்மையானது. 2015 ஏப்ரலில் லெஸ்ரர் நின்ற வெளியும் அதுவே. உண்மையான ஒன்றின்மீது நிற்பவனைப் பொய் நம்பியவன் என்று கூறுதல் நீதியாகாது.

எனினும் இவ்விடை போதுமானதன்று. பொய் இல்லாத ஒன்று பயனுள்ளதாகிவிடாது. இரசிகனின் நம்பிக்கையால் யாது நிகழ்கிறது என்ற வினா எஞ்சியுள்ளது. அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் கிளிபோர்ட்டுக்குக் கூறிய மறுமொழி இங்கே நினைக்கத்தக்கது. சில உண்மைகள் நம்பிக்கையின் துணையின்றி உண்டாகவே மாட்டா என்பது 1896இல் அவர் வெளியிட்ட கருத்து. மலையில் வழிதவறிப் பெரும் பிளவொன்றைத் தாண்டவேண்டிய நிலைக்கு வந்தவனை அவர் தம் எழுத்துகளில் உதாரணமாகக் காட்டுவார். தாண்டமுடியும் என்று நம்புபவனின் கால்கள் உறுதியாகும். ஐயுறுபவன் தயங்கித் தாவி விழுவான். இங்கே நம்பிக்கை சான்றுக்குப் பின் வருவதன்று, சான்றையே உண்டாக்குவது.

இது தாண்டுபவனுக்குப் பொருந்தும். கரையிலிருந்து பார்ப்பவனுக்குப் பொருந்துமா? இரசிகன் பந்தைத் தொடுவதில்லை. ஆயினும் அவனுடைய இருப்பு முற்றும் பயனற்றதன்று என எண்ண இடமுண்டு. 2020–21 பருவத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பிரீமியர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் வெற்று அரங்குகளிலேயே நடைபெற்றன. அப்பருவத்தின் 380 ஆட்டங்களிற் சொந்த மைதானத்து அணிகள் வென்றவை 144. வந்து ஆடிய அணிகள் வென்றவை 153. இங்கிலாந்தின் முதற்பிரிவு வரலாற்றில் வெளியூர் வெற்றிகள் சொந்த மைதான வெற்றிகளை விஞ்சியது அதுவே முதற்றடவை. ஒரு பருவத்தைக் கொண்டு முடிவான விதி வகுத்தல் ஆகாதெனினும், கூட்டம் இல்லாதபொழுது ஏதோ ஒன்று இல்லாமற் போயிற்று என்பதை இத்தொகைகள் உணர்த்துகின்றன. கரையிலிருப்பவனின் குரல் தாண்டுபவனின் காலுக்கு ஒரு சிறு வலுவைத் தரக்கூடும்.

ஆனால் ஜேம்ஸின் வாதத்தில் முழுப் பாரத்தையும் ஏற்றுதல் கூடாது. 2007–08 பருவத்தில் டேர்பியின் சொந்த மைதானத்துக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 32,000க்கு மேற்பட்டோர் வந்தனர். அரங்கு ஏறக்குறைய நிரம்பியே இருந்தது. அத்தனை பேரின் குரலும் இன்னொரு வெற்றியைக் கொண்டுவரவில்லை. நம்பிக்கை பயன் தருவதனாலேயே நியாயமானது எனின், அவ்வாயிரக்கணக்கானோர் ஒன்பது மாதங்களை வீணாக்கினர் என்றே முடிவு கூற நேரும். அவர்கள் மார்ச் மாதத்திற் கீழிறக்கம் உறுதியான பின்னும் வந்தனர் என்பதை அவ்வாறு கூறுவோர் விளக்கவேண்டும். காப்பாற்றுவதற்கு எதுவும் இல்லாதபொழுதும் ஒரு மனிதன் வருவானாயின், அவனை வரச்செய்தது பயன்பற்றிய கணக்கு அன்று என்பது தெளிவு.

அவனை வரச்செய்தது உறவு. தந்தை கைபிடித்து அழைத்துச்சென்ற அரங்கு, பாட்டன் கூறிய 1972இன் கதை, பக்கத்து இருக்கையிற் பல்லாண்டாக அமர்ந்துவரும் ஒருவரின் முகம் ஆகியவற்றாலான உறவு அது. இத்தகைய உறவுடையவனுக்கு அணியின் வெற்றி ஒரு கூலி அன்று. நோயாளியின் அருகிலிருக்கும் தாய்க்கு ஒருநாட் காய்ச்சல் தணிவது எத்தகையதோ அத்தகையது. வைத்தியர் அத்தணிவைக் கொண்டு எதிர்வுகூறமாட்டார், கூறவும் கூடாது. தாய் அதனால் மகிழ்கிறாள். அவளுடைய மகிழ்ச்சி வைத்தியரின் கணிப்பை மறுப்பதன்று. அது வேறொரு கடமையிலிருந்து பிறப்பது. உயிரையும் விளையாட்டையும் ஒருங்கே வைத்தல் தகாது என்பாருளர். பொருளின் கனத்தில் இவ்விரண்டும் ஒப்பாகமாட்டா என்பது உண்மையே. ஒப்புமை உள்ளத்தின் நிலைபற்றியதே. ஒன்றோடு தன்னைப் பிணைத்துக்கொண்டவன் அதன் சிறு தேற்றத்திலும் மகிழாதிருப்பானாயின், அவனை அறிவாளி என்பதிலும் அன்பிலி என்பதே பொருத்தமாகும். ஒரு வெற்றியின் பின் எழும் நம்பிக்கை, கைவிடாதிருந்தவன் தான் கைவிடாதிருந்ததை மறுபடியும் கண்டுகொள்ளும் தருணம் எனலாம்.

இவ்விடத்தில் ஒரு வலிய மறுப்பு எழுகிறது. நம்பிக்கையும் அச்சமும் பிரிக்கமுடியாதவை என்பது 1677இல் வெளிவந்த தம் அறவியல் நூலில் ஸ்பினோசா நிறுவும் கருத்து. முடிவு தெரியாத ஒன்றைப்பற்றி மகிழ்பவன் அதே காரணத்தால் நடுங்கவும் செய்வான். அறிவுடையோன் இவ்விரண்டினின்றும் விடுபட முயலவேண்டும் என்பது அவர் துணிபு. இடுக்கணழியாமையைத் தனியதிகாரமாக வகுத்த வள்ளுவரும் இன்பத்தையே விரும்பி அலையாதவனைத் துன்பம் வெல்லாது என்ற கருத்தினர். இவர்கள் கூற்றின்படி சனிக்கிழமைதோறும் தன் மன அமைதியைப் பதினொரு அந்நியரின் கால்களில் ஒப்படைப்பவன் அடிமையே ஆவான்.

இம்மறுப்பின் வலிமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒப்புக்கொண்ட பின் ஒன்றைக் கேட்கலாம். எதனோடும் பிணைப்பில்லாது எதற்கும் நடுங்காதிருத்தல், இடுக்கண் அழியாதிருத்தல் ஆகுமா? இடுக்கணுக்கு இடங்கொடாத இடத்தில் வாழ்தலும், இடுக்கணைச் சந்தித்தும் அழியாதிருத்தலும் வேறானவை. வள்ளுவர் போற்றியது இரண்டாவதையே. 29 தோல்விகளைக் கண்டும் உள்ளம் கசந்துபோகாத இரசிகன், தோல்வியையே அறியாத துறவியிலும் அப்பண்புக்கு அண்மையில் நிற்கிறான் என்று கூறுதல் மிகையன்று.

கசந்துபோகாத என்ற சொல்லே நம்பிக்கையையும் நப்பாசையையும் வேறாக்கும் உரைகல்லைத் தருகிறது. இரண்டும் வெற்றியின் மறுநாளில் ஒரே முகத்துடன் தோன்றும். அடுத்த தோல்வியின் மறுநாளிலேதான் வேறுபாடு வெளிப்படும். நப்பாசை கொண்டவன் வெற்றியைத் தனக்கு வரவேண்டிய கடனாகக் கருதியவன். அது வராதபொழுது அவன் கடனாளியைத் தேடுகிறான்: மத்தியஸ்தரை ஏசுகிறான், முகாமையாளரை விரட்டச்சொல்கிறான், இருபது வயது வீரனொருவனை அவன் குடும்பத்தோடு சேர்த்துத் தூற்றுகிறான். நம்பிக்கை கொண்டவனும் தோல்வியால் வருந்துகிறான், குறைகூறவும் செய்கிறான். ஆயினும் அவனுக்கு எவரும் கடன்பட்டிருக்கவில்லை. நப்பாசை பொய்த்தாற் சினமாகிறது. நம்பிக்கை பொய்த்தாற் துயரமாகிறது. துயரம் பிறரைத் தீண்டுவதில்லை.

இனி இவ்வினாவின் மற்றொரு பக்கத்தையும் நோக்கவேண்டும். இரசிகனின் நம்பிக்கை குற்றமற்றதாயினும், அதை விலைப்பொருளாக்குவோர் உளர். பருவகால நுழைவுச்சீட்டும் புதிய சீருடையும் விற்பது நம்பிக்கையின் பெயராலேயே. கிளிபோர்ட்டின் கப்பலுரிமையாளனைத் தேடவேண்டிய இடம் இரசிகர் வரிசையன்று, கழகத்தை ஆள்வோரின் அறையே. டேர்பி கவுண்டியின் பிற்கால வரலாறு இதற்குச் சான்று. கடன் தாங்கமுடியாது அக்கழகம் 2021 செப்ரெம்பரில் நிருவாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. அதற்குத் தண்டனையாக 12 புள்ளிகளும், கணக்குகள்பற்றிய விதிமீறலுக்காக மேலும் 9 புள்ளிகளும் கழிக்கப்பட்டன. அப்பருவத்தில் அணி மைதானத்தில் ஈட்டியவை 55 புள்ளிகள். அவை கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாதிருக்கப் போதுமானவை. எஞ்சியவை 34, அணி மூன்றாம் பிரிவுக்கு வீழ்ந்தது. ஆடியோர் தவறவில்லை, பார்த்தோரும் தவறவில்லை. கப்பல் பழுதுற்றது என்பதை அறியக்கூடிய இடத்தில் இருந்தோரின் தவற்றுக்கு, அதில் ஏறியிருந்தோர் விலைகொடுத்தனர். பிறர் நம்பிக்கையின்மேல் அதிகாரம் உடையவனுக்குத் தன் ஐயத்தை அடக்கும் உரிமை இல்லை என்ற கிளிபோர்ட்டின் போதனை இங்கேதான் முழு வலிமையும் பெறுகிறது.

இதிலிருந்து இரசிகனுக்கும் ஒரு கடமை பிறக்கிறது. காத்திருத்தல் மட்டும் நம்பிக்கையன்று. சில வேளைகளில் எழுந்து கேள்வி கேட்பதும் செயற்படுவதும் அதன் பகுதிகளாகும். 2002இல் விம்பிள்டன் கழகத்தை மில்ற்றன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்ல அனுமதி கிடைத்தபொழுது அதன் இரசிகர்கள் புலம்பலோடு நின்றுவிடவில்லை. அவ்வாண்டிலேயே தமக்குச் சொந்தமான புதிய கழகம் ஒன்றைத் தொடங்கி, ஒன்பதாம் படியிலிருந்து ஆடினர். ஒன்பது ஆண்டுகளில், 2011இல், அக்கழகம் மீண்டும் லீக் பிரிவுகளுக்குள் நுழைந்தது. ஊழுக்கு ஓரதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓரதிகாரமும் வகுத்த வள்ளுவர் இரண்டையும் ஒருங்கே ஏற்றவர். ஆட்டத்தின் முடிவு இரசிகனுக்கு ஊழ் போன்றது. கழகத்தின் நிலை அவனுடைய ஆள்வினைக்கும் இடந்தருவது. எதைப் பொறுத்துக்கொள்வது, எதைப் பொறுக்கமறுப்பது என்பதை அறிந்த நம்பிக்கையே முதிர்ந்த நம்பிக்கையாகும். இம்மானுவேல் கான்ற் 1781இல் வெளியிட்ட தம் பெருநூலில் மூன்று வினாக்களை எழுப்புகையில், யாதை அறியலாம், யாது செய்யவேண்டும் என்பவற்றின் பின்னரே யாதை நம்பலாம் என்பதை வைத்தார். அறிவுக்கும் கடமைக்கும் விடைகூறிய பின் எழும் நம்பிக்கைக்கே உரிமை உண்டு என்பதை அவ்வொழுங்கு குறிப்பால் உணர்த்துகிறது.

தொகுத்து நோக்கின், தோற்கும் அணியின் ஒரு வெற்றிக்குப் பின் எழும் நம்பிக்கையைப் பேதைமை என்று ஒருமிக்கத் தள்ளுதலும் பண்பு என்று ஒருமிக்கப் போற்றுதலும் பொருந்தா. உண்மை நிலையைத் தன்னிடமிருந்து மறைக்காமை, வராத வெற்றிக்குப் பிறரைக் கடனாளியாக்காமை, செய்யக்கூடியதைச் செய்யாது காத்திருப்பதோடு அமையாமை ஆகிய மூன்றும் உடையதாயின் அந்நம்பிக்கை நியாயமானது. அது பின்னர் டேர்பியின் வழியிற் சென்றாலும் லெஸ்ரரின் வழியிற் சென்றாலும் அதன் தகுதி மாறாது. லெஸ்ரரின் கதையும் இன்பத்தோடு முடிந்துவிடவில்லை. உலகம் வியந்த அவ்வணி 2023இற் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டது, 2024இல் மீண்டது, 2025இல் மறுபடியும் தள்ளப்பட்டது. ஒருமுறை காப்பாற்றப்பட்டவர் என்றும் காப்பாற்றப்பட்டவராய் இருப்பதில்லை.

இவ்வுண்மை விளையாட்டரங்குக்கு மட்டும் உரியதன்று. நெடிய தோல்விகளுக்கிடையே சிறிய வெற்றியொன்றைக் கண்டு நிமிரும் எவரிடமும், இது முடிவல்ல என்று எச்சரிப்பது எளிது. அவ்வெச்சரிக்கை பெரும்பாலும் சரியானதாகவும் அமையும். எச்சரிக்கையைக் கேட்டு, அது சரியென்றும் ஒப்புக்கொண்டு, அதன் பின்னும் அடுத்த நாளின் வேலைக்கு எழுந்து செல்பவனுக்கு அறிவு குறைவு என்று எவரும் கூறமுடியாது. அவ்வளவே நம்பிக்கைக்குக் கூறக்கூடிய நியாயம்; அதற்கு அவ்வளவு போதும்.